ஊர்ப்பெயரும் உள்ளூர்த் தேடலும்: செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் ஆறுமுகநேரி வட்டாரச் சிறுவணிகம்

ஆய்வுச் சுருக்கம்

வெளியூரிலிருந்து வரும் ஒருவர் தமக்கு வேண்டிய கடையைக் கண்டறிய இன்று திறன்பேசித் தேடலை நாடுகிறார். அத்தேடலில் செயற்கை நுண்ணறிவு இடம்பெறத் தொடங்கிய பின்னர், நீண்ட பட்டியலுக்கு மாற்றாக ஓரிரு பெயர்களைக் கொண்ட விடை அவருக்குக் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரி வட்டாரத்தை முன்வைத்து, இம்மாற்றம் சிறுவணிகரையும் விற்பனைப் பணியாளரையும் எவ்வாறு தொடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஊர்ப்பெயர்களின் பல வடிவங்கள், பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள இடைவெளி, வட்டாரச் சொற்கள் ஆகியவை தேடலின் விளைவைத் தீர்மானிப்பதும், சரக்கில் குறையில்லாத கடையும் பதிவின் குறையால் வாடிக்கையாளரை இழக்கக்கூடும் என்பதும் இதில் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உள்ளூர்த் தேடல், செயற்கை நுண்ணறிவு, ஊர்ப்பெயர், இரட்டை வழக்கு, சிறுவணிகம், ஆறுமுகநேரி.

முன்னுரை

விற்பவர் தம் இருப்பையும் சரக்கையும் அறிவிக்க வேண்டும் என்பது வணிகத்தின் பழந்தேவை. பகலில் நடந்த நாளங்காடியையும் மாலையில் நடந்த அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. உமணர் உப்பை ஊர்தோறும் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றாக விலைகூறி விற்ற செய்தியைச் சங்க அகப்பாடல்களில் காணலாம். கொடி கண்ணுக்கு உரியது; கூவுங் குரல் செவிக்கு உரியது. இரண்டும் அருகில் இருந்தோரை மட்டுமே எட்டின.

இன்றைய வணிகரின் அறிவிப்பை முதலில் படிப்பது இயந்திரம். இயந்திரம் எதைப் படித்துப் புரிந்துகொண்டதோ அதையே வாடிக்கையாளர் அறிகிறார். எனவே, வணிகர் தம் கடையையும் ஊரையும் எந்த மொழியில், எந்த எழுத்தில், எந்தச் சொல்லால் குறிக்கிறார் என்பது அவருடைய வருவாயைத் தொடும் செய்தியாகிறது. மொழி ஆய்வும் வணிக ஆய்வும் சந்திக்கும் இவ்விடத்தை ஆறுமுகநேரியைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆறுமுகநேரி வட்டாரமும் அதன் வணிகமும்

ஆறுமுகநேரி, தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டத்தில் அமைந்த பேரூராட்சி ஆகும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையும், திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதையும் இவ்வூர் வழியே செல்கின்றன. வடக்கே தாமிரபரணிக் கரையில் ஆத்தூரும், கடலோரத்தில் காயல்பட்டினமும், திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடியும் உள்ளன. உப்பளங்கள் இப்பகுதியின் அடையாளம். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குசராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு உள்ளது. அதில் தூத்துக்குடி மாவட்டத்தின் பங்கு பெரிது.

இவ்வட்டார வணிகத்தைத் தேடலின் நோக்கில் மூவகைப்படுத்தலாம். முதலாவது, உள்ளூர் மக்களுக்கான பலசரக்குக் கடை, மருந்துக் கடை, தையற்கடை போன்றவை. இவற்றின் வாடிக்கையாளர்கள் கடைக்காரரை முகமறிந்தவர்கள். கடைக்கு வழி கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. இரண்டாவது, வழிச்செல்வோரை நம்பிய உணவகம், தங்கும் விடுதி, பஞ்சர் கடை, கருப்பட்டிக் கடை, வாடகை வண்டி போன்றவை. திருச்செந்தூர்க் கந்த சஷ்டி, குலசேகரன்பட்டினம் தசரா ஆகிய விழாக்காலங்களில் இச்சாலையில் செல்லும் அடியார் கூட்டம் இவ்வகையினரின் வருவாய்க்கு ஆதாரம். மூன்றாவது, உப்பு போன்ற மொத்த வணிகம். இங்குத் தரகரின் சொல்லும் நெடுங்காலப் பழக்கமும் கடன் தவணையும் வாங்குபவரை விற்பவரோடு இணைக்கின்றன.

உள்ளூர்த் தேடல் இம்மூவகையினரையும் ஒரே அளவில் தொடுவதில்லை. இரண்டாம் வகையினரையே அது நேரடியாகத் தாக்குகிறது. ஊரை அறியாத ஒருவர், ஓடும் வண்டியில் இருந்தபடி, சில நொடிகளில் முடிவெடுக்கும்போது அவருக்கு இயந்திரத்தின் விடையே ஊரார் சொல்லாகிறது.

2. உள்ளூர்த் தேடல் வளர்ந்த முறை

இந்தியாவில் உள்ளூர்த் தேடல் தொலைபேசியில் பரவியது. 1996-இல் மும்பையில் தொடங்கப்பெற்ற ஜஸ்ட் டயல் நிறுவனத்தை அழைத்தால், மறுமுனையில் இருந்த பணியாளர் தேவையைக் கேட்டறிந்து கடைகளின் பெயரையும் எண்ணையும் சொன்னார். கேட்டவரின் சொல் தெளிவில்லை எனில், 'எந்தப் பகுதி?' என்று அவர் திருப்பிக் கேட்க முடிந்தது.

2005-இல் கூகுள் மேப்ஸ் அறிமுகமானது. கடைக்காரர் தம் கடையின் விவரத்தைத் தாமே பதிவு செய்யும் வசதி 2014-இல் கூகுள் மை பிசினஸ் எனவும், 2021-இல் கூகுள் பிசினஸ் புரொஃபைல் எனவும் பெயர் பெற்றது. உள்ளூர்த் தேடலில் கடைகளை வரிசைப்படுத்தப் பொருத்தம், தொலைவு, அறியப்பட்ட நிலை ஆகிய மூன்றையும் அந்நிறுவனம் அடிப்படைகளாகக் கூறுகிறது. பயனர் தேடிய பொருளுக்கும் கடையின் விவரத்துக்கும் உள்ள இயைபு பொருத்தம். பயனர் இருக்கும் இடத்திற்கும் கடைக்கும் உள்ள இடைவெளி தொலைவு. மதிப்புரைகளாலும் பிற தளங்களில் இடம்பெறும் குறிப்புகளாலும் கடை பெறும் பெயர் அறியப்பட்ட நிலை.

செயற்கை நுண்ணறிவு இவ்வமைப்பில் இரண்டு இடங்களில் நுழைந்தது. முதலாவது, வினாவைப் புரிந்துகொள்ளும் இடம். சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்த்த தேடுபொறி, 2019 முதல் பெர்ட் என்னும் மொழி மாதிரியின் துணையுடன் தொடரின் பொருளை உணர முயன்றது. இரண்டாவது, விடையை எழுதும் இடம். கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கவிடை 2024 மே மாதத்தில் அமெரிக்காவிலும், அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் அறிமுகமானது. சாட்ஜிபிடி போன்ற உரையாடற் செயலிகளும் கடை, விடுதி பற்றிய வினாக்களுக்கு விடை தருகின்றன. இணையத்தில் எழுதப்பட்டவற்றைத் தொகுத்து ஒரு பத்தியாக்கி, அதில் சில பெயர்களை மட்டும் முன்வைப்பது இவற்றின் இயல்பாகும்.

3. ஊர்ப்பெயர்ச் சிக்கல்

உள்ளூர்த் தேடலின் அச்சாணி ஊர்ப்பெயர். ஆனால், தமிழ் ஊர்ப்பெயர்கள் ஒரே வடிவில் வழங்குவதில்லை. ஆறுமுகநேரி வட்டாரத்தில் நால்வகைச் சிக்கல்களைக் காணலாம்.

முதலாவது, ஒரு பெயர் பல ஊர்களுக்கு உரியதாதல். ஆத்தூர் என்னும் பெயர் தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டுமன்றிச் சேலம், திண்டுக்கல் மாவட்டங்களிலும் வழங்குகிறது. தாமிரபரணிக் கரையின் ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சென்னையில் இருந்துகொண்டு ஆத்தூரில் வெற்றிலை வணிகரைத் தேடும் ஒருவருக்கு எந்த ஆத்தூர் காட்டப்படும் என்பது இயந்திரத்தின் ஊகத்தைப் பொறுத்தது. தொலைபேசிப் பணியாளர் திருப்பிக் கேட்ட இடத்தில், இயந்திரம் பெரிய ஊரையோ அதிகம் தேடப்பட்ட ஊரையோ தானே தேர்ந்துகொள்ளக்கூடும்.

இரண்டாவது, ஓர் ஊர் பல பெயர்களைப் பெறுதல். காயல்பட்டினம், காயல்பட்டணம் என இருவகையாகவும் எழுதப்படுகிறது. பேச்சில் அது 'காயல்' எனச் சுருங்குகிறது. அதே கடற்கரையில் பழையகாயலும் புன்னைக்காயலும் உள்ளன. தூத்துக்குடிக்கு 'முத்துநகர்' என்னும் சிறப்புப் பெயரும் உண்டு. சென்னைக்குச் செல்லும் விரைவு வண்டியே அப்பெயரில் ஓடுகிறது.

மூன்றாவது, ஆங்கில எழுத்தாக்கம். ஆறுமுகநேரியின் இறுதி இகரத்தை ஆங்கிலத்தில் 'ஐ' என்னும் எழுத்தாலும் 'ஒய்' என்னும் எழுத்தாலும் எழுதுவோர் உளர். இடையில் உள்ள ககரத்துக்கு 'ஜி' எழுதுவோரும் 'கே' எழுதுவோரும் உளர். தூத்துக்குடிக்கு 'டூட்டிகொரின்' என்னும் பழைய வடிவம் இன்றும் வழக்கில் நிற்கிறது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தாக்கத்தை மாற்றித் தமிழக அரசு பிறப்பித்த ஆணை 2020 ஜூன் மாதத்தில் பொதுவெளிக்கு வந்தது. புதிய வடிவங்கள் குறித்து எழுந்த விமர்சனத்திற்குப் பின் அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவத்தை ஒருமைப்படுத்துவது எத்துணைக் கடினம் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

நான்காவது, வேற்றுமை உருபேற்றல். காயல்பட்டினம் என்பது இடப்பொருள் உருபு ஏற்கும்போது 'காயல்பட்டினத்தில்' எனத் திரிகிறது. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறும் இம்முறை தமிழருக்கு இயல்பானது. எழுத்துகளை அப்படியே ஒப்பிடும் இயந்திரத்துக்கோ இவை இருவேறு சொற்கள். பெருமொழி மாதிரிகள் சொற்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பொருள் காண்பதால் இச்சிக்கலைப் பெருமளவு கடக்கின்றன. எனினும், பயிற்சித் தரவில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் மிகக் குறைவாக இருப்பதால் தமிழ்ச் சொற்கள் கூடுதல் துண்டுகளாக உடைகின்றன. அரிதாக எழுதப்படும் சிற்றூர்ப் பெயர்களில் பிழை நேரும் வாய்ப்பு இதனால் மிகுகிறது.

4. பேச்சு வழக்கும் வட்டாரச் சொல்லும்

தமிழ் இரட்டை வழக்கு மொழி. கூகுளின் குரல்வழித் தேடல் 2017 ஆகஸ்டில் தமிழுக்கும் விரிவாக்கப்பட்டது. தட்டச்சு செய்யும்போது 'அருகில்' என்று எழுதும் ஒருவர், பேசும்போது 'பக்கத்துல' என்றோ 'கிட்ட' என்றோ சொல்கிறார். 'வெற்றிலை' அவர் வாயில் 'வெத்தல' ஆகிறது. பயனரின் வினா பேச்சு வழக்கிலும், கடையின் பதிவு ஆங்கிலத்திலும், மதிப்புரை ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழிலும் அமைவது இயல்பு. ஒரே பொருளைக் குறிக்கும் இம்மூன்று வடிவங்களையும் இணைப்பது செயற்கை நுண்ணறிவின் பணியாகிறது. இவ்விணைப்பில் பழைய தேடுபொறியைவிட அது மேம்பட்டது என்பதை மறுக்க இயலாது.

வட்டாரச் சொற்கள் இதனினும் நுட்பமானவை. தென்மாவட்டங்களில் 'பலசரக்குக் கடை' எனப்படுவது சென்னையில் 'மளிகைக் கடை' எனப்படுகிறது. 'கருப்பட்டி' கேட்போரும் 'பனைவெல்லம்' கேட்போரும் நாடுவது ஒன்றே. கடைக்காரர் தம் பதிவில் ஒரு சொல்லை மட்டும் எழுதினால், மற்றச் சொல்லால் தேடுபவர் அக்கடையை அடைவது இயந்திரத்தின் சொல்லறிவைச் சார்ந்து நிற்கும். இரு சொற்களையும் கடை விவரத்தில் எழுதிவிட்டால் அச்சார்பு நீங்கும். கட்டணம் ஏதுமின்றி, கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய இப்பணியைத் தொழில்நுட்ப வல்லுநரைவிடக் கடைக்காரரே நன்கு செய்ய இயலும். தம் வாடிக்கையாளர் எச்சொல்லால் கேட்கின்றனர் என்பதை அவரே நாள்தோறும் செவியுறுகிறார்.

5. பட்டியலிலிருந்து விடைக்கு

பட்டியலாக வந்த தேடல் முடிவில் பத்தாவது இடத்தில் இருந்த கடைக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. பொறுமையுள்ள பயனர் கீழே சென்று பார்த்தார். விடையாக வரும் முடிவில் இரண்டு அல்லது மூன்று பெயர்களே இடம்பெறுகின்றன. மற்றவை தோற்றதாகவும் தெரிவதில்லை, இல்லாதவையாகவே ஆகிவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக, சாலையோரத்தில் எதிரெதிரே அமைந்த இரண்டு கருப்பட்டிக் கடைகளைக் கருதலாம். முதற்கடையின் பதிவில் பெயர், தொலைபேசி எண், திறக்கும் நேரம், பொருள்களின் படம், இருபது மதிப்புரைகள் உள்ளன. இரண்டாம் கடையின் கருப்பட்டி தரத்தில் உயர்ந்தது. உள்ளூரார் அங்கேயே வாங்குகின்றனர். ஆனால், உள்ளூரார் எவரும் மதிப்புரை எழுதுவதில்லை. எழுத வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. 'திருச்செந்தூர் போகும் வழியில் நல்ல கருப்பட்டி எங்கே கிடைக்கும்?' என்று கேட்கும் வெளியூராருக்கு இயந்திரம் முதற்கடையைச் சொல்கிறது. இதில் பொய் இல்லை. எழுதப்பட்டதை மட்டுமே அறிந்த ஒருவரின் விடை அது. ஊரின் வாய்மொழி மதிப்பு எழுத்து வடிவம் பெறாதபோது அது இயந்திரத்தின் அறிவுக்கு அப்பாற்பட்டதாகிறது.

காலத்தோடு மாறும் தகவல்களிலும் இவ்விடைவெளி வெளிப்படுகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. இத்தகைய நாளில், பதிவில் எழுதப்பட்ட திறக்கும் நேரத்துக்குப் பொருளில்லை. கடைக்காரரோ வேறொருவரோ மாற்றி எழுதும்வரை இயந்திரத்தின் கணக்கில் கடை திறந்தே இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் உப்பு உற்பத்தி நின்றுவிடுவதும், விழாக்காலத்தில் உணவகங்கள் நள்ளிரவு வரை இயங்குவதும் ஊரார் அறிந்தவை. எழுதினாலன்றி இயந்திரம் அறியாதவை.

6. விற்பனைப் பணியாளரின் நிலை

வாரந்தோறும் குறித்த நாளில் கடைகடையாகச் சென்று ஆர்டர் எடுக்கும் விற்பனைப் பணியாளரின் வலிமை, கடைக்காரர் அறியாத தகவலை அவர் அறிந்திருப்பதில் இருந்தது. புதிய சரக்கு, மாற்று நிறுவனத்தின் விலை, பக்கத்து ஊரின் விற்பனை ஆகியவற்றை அவர் வாயிலாகவே கடைக்காரர் அறிந்தார். இத்தகவல்கள் தேடலில் கிடைக்கும்போது பணியாளரின் பேச்சு முன்பிருந்த எடையை இழக்கிறது. விலையை ஏற்கெனவே ஒப்பிட்டுவிட்ட கடைக்காரரிடமே அவர் பேசத் தொடங்குகிறார்.

மறுபுறம், அவரால் மட்டுமே திரட்டக்கூடிய தகவல் உண்டு. எந்தக் கடை இடம் மாறியது, எந்தக் கடையின் எண் மாறியது, எங்கே கருப்பட்டி தீர்ந்தது என்பவற்றை நேரில் கண்டவர் அவரே. பதிவுகளைத் திருத்தும் பணியை விற்பனைக் குழு தன் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டால் குழுவுக்கும் கடைக்காரருக்கும் பயன் விளையும். கூகுள் பதிவில் வரும் அழைப்புகளின் எண்ணிக்கை, வழி கேட்டோர் எண்ணிக்கை ஆகியவை உரிமையாளருக்குக் காட்டப்படுகின்றன. பணியாளரின் உழைப்பை அளக்க இவை ஓரளவு உதவும். எனினும், வழி கேட்டவர் அனைவரும் வாங்கியவர் அல்லர் என்பதை நிர்வாகம் மறத்தலாகாது.

மொத்த வணிகத்தில் மாற்றம் வேறு வகையானது. 1996-இல் தொடங்கிய இந்தியாமார்ட் போன்ற தளங்களில் வாங்குபவரின் ஒரு விசாரணை பல விற்பவர்களைச் சென்றடைகிறது. உப்புக்கு வரும் விசாரணைக்கு முதலில் விடையளிப்பவர் முந்துகிறார். ஆனால், உப்பின் தரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதும், தவணையில் பணம் வருமா என்று கணிப்பதும் இன்றும் மனிதரின் பணியே. இங்குத் தரகரின் இடம் குறுகலாம். அடியோடு மறைந்துவிடும் எனக் கூற இயலாது.

7. இடைநிலையாளரும் பதிவின் உரிமையும்

தேடலின் முதன்மை பெருகியதோடு, 'முதலிடம் பெற்றுத் தருகிறோம்' என்று கூறிக் கட்டணம் பெறுவோரும் பெருகியுள்ளனர். உள்ளூர்த் தேடல் வரிசையில் மேம்பட்ட இடத்தைப் பணம் கொடுத்துப் பெற இயலாது எனக் கூகுள் தன் வழிகாட்டுதலில் தெளிவாகக் கூறுகிறது. விளம்பரம் என்பது வேறு. அது விளம்பரம் என்னும் குறிப்புடனே தோன்றும். கடையைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. இவ்விரு செய்திகளையும் அறியாத கடைக்காரர், இலவசமாகக் கிடைப்பதற்கு விலை கொடுக்கிறார்.

இதனினும் கேடானது உரிமை இழப்பு. இடைநிலையாளர் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு கடையைப் பதிவு செய்துவிட்டால், பதிவின் சாவி அவர் கையில் இருக்கும். உறவு முறிந்த பின் கடைக்காரர் தம் தொலைபேசி எண்ணைத் திருத்தவும் அவரையே நாட வேண்டிய நிலை ஏற்படும். கடைப்பத்திரத்தைப் பிறர் பெயரில் எழுதாத வணிகர், கடையின் மின்பதிவையும் பிறர் பெயரில் விடலாகாது.

மதிப்புரைகளை விலைக்கு வாங்குதலும் பெருகிவரும் தீங்காகும். இணைய மதிப்புரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்னும் தரத்தை வெளியிட்டது. பொய் மதிப்புரை பட்டியல் காலத்தில் ஒரு நட்சத்திரத்தை மட்டும் கூட்டியது; விடைக் காலத்தில் அதன் சொற்களே இயந்திரத்தின் விடைக்குள் நுழைகின்றன. நேர்மையான கடைக்காரர் இதனால் இருமடங்கு இழக்கிறார்.

8. செய்யத்தக்கவை

மேற்கண்ட விளக்கங்களின் அடிப்படையில், ஆறுமுகநேரி போன்ற ஊர்களின் சிறுவணிகருக்குச் சில நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம். கடைப்பெயரைப் பெயர்ப்பலகையில் உள்ளவாறே பதிவு செய்தல் வேண்டும். பெயருக்குள் பொருள்களின் பட்டியலைத் திணிப்பது தளத்தின் விதிகளுக்குப் புறம்பானது. பொருள்களை விவரப் பகுதியில் தமிழிலும் ஆங்கிலத்திலும், பொதுச்சொல்லாலும் வட்டாரச் சொல்லாலும் எழுத வேண்டும். ஊர்ப்பெயரோடு வட்டத்தையும் மாவட்டத்தையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் சேர்த்தால் பெயரொற்றுமைச் சிக்கல் குறையும். மழைக்காலம், விழாக்காலம் ஆகியவற்றில் நேரத்தை உடனுக்குடன் மாற்ற வேண்டும். மனநிறைவு பெற்ற வாடிக்கையாளரிடம், பரிசு எதுவும் தராமல், தமிழிலேயே மதிப்புரை எழுதும்படி கேட்கலாம்.

தமிழாய்வுத் துறைக்கும் இதில் பணி உண்டு. ஊர்ப்பெயர்களின் எழுத்து வடிவம், பேச்சு வடிவம், சுருக்கம், சிறப்புப் பெயர், ஆங்கில எழுத்தாக்கங்கள் ஆகியவற்றை மாவட்ட வாரியாகத் தொகுத்துப் பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கினால், அது மொழி ஆவணமாகவும் தேடுபொறிகளுக்கான தரவாகவும் அமையும். வட்டார வழக்கு அகராதிகளைத் தொகுத்த மரபு தமிழில் உண்டு. அம்மரபின் அடுத்த படியாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

செயற்கை நுண்ணறிவு சார்ந்த உள்ளூர்த் தேடல், ஊரை அறியாத வாடிக்கையாளரை நம்பிய சிறுவணிகத்தையே முதலில் தொடுகிறது என்பதும், பட்டியல் சுருங்கி விடையாகும்போது எழுதப்படாத கடை மறைந்துபோகிறது என்பதும் இக்கட்டுரையால் அறியப்படுகின்றன. ஊர்ப்பெயரின் வடிவ வேறுபாடும் இரட்டை வழக்கும் வட்டாரச் சொல்லும் இதில் பங்கு வகிக்கின்றன. விற்பனைப் பணியாளர், தகவல் சொல்பவர் என்னும் நிலையிலிருந்து தகவலைச் சரிபார்ப்பவர் என்னும் நிலைக்கு மாறினால் அவருடைய பணி நிலைபெறும். பதிவின் உரிமை கடைக்காரரிடமே இருத்தல் இவையனைத்துக்கும் முதற்படியாகும்.

ஆறுமுகநேரியில் யாருடைய கருப்பட்டி நல்லது என்பதை ஊரார் அறிவர். அவ்வறிவு ஊரார் வாயோடு நின்றுவிட்டால் சாலையில் செல்வோரை அது எட்டாது. அதனை உண்மையாகவும் தெளிவாகவும் தமிழில் எழுதி வைப்பதே சிறுவணிகர் இன்று பறக்கவிட வேண்டிய கொடியாகும்.